அரிசி மூட்டையோடு நின்றுவிடலாமா?

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு நம் அறக்கட்டளை அரிசி வழங்க வேண்டும் என்பதே அந்த யோசனை. நாம் எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். பசித்தவருக்கு முதலில் சோறு. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அன்று தாய்மார்கள் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி எழுந்தது. "இவங்க ஊர்ல நெல்லே விளையாதா? ஏன் இவ்வளவு தூரம் வர்றாங்க?" என்பதுதான் அது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் நாம் அறிந்துகொண்டவற்றையும், அதை ஒட்டி உங்கள் முன் வைக்க விரும்பும் ஒரு கோரிக்கையையும் சொல்லவே இன்று இந்த உரை.

முதலில் பதிலைச் சொல்லிவிடுவோம். நெல் விளைகிறது. நம் தெருக்களில் ஷிப்ட் முடிந்து நடந்து போகும் இந்தப் பிள்ளைகளில் பலர் நெல் விவசாயிகளின் மக்கள். ஒடிசாவின் மலைக் கிராமங்களிலிருந்தும் ஜார்க்கண்டின் மேட்டு நிலங்களிலிருந்தும் வந்தவர்கள். நிலம் இருக்கிறது, ஆனால் அதில் விளைவது ஆண்டு முழுவதும் சாப்பிடப் போதவில்லை. அதனால்தான் ரயில் ஏறுகிறார்கள்.

மலை நெல்லின் நிலை

பொன்னேரிப் பக்கம் நெல் போடுகிற நமக்கு மூன்று பட்டம் உண்டு: சொர்ணவாரி, சம்பா, நவரை. ஏரி இருக்கிறது, ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறது. மலையில் பெரும்பாலும் ஒரே போகம்தான். மழைதான் தண்ணீர். சரிவின் உச்சியில் இருக்கும் மேட்டு நிலத்தில் ஈரம் நிற்காது. அங்கே 90 நாட்களில் முடியும் குறுகிய கால நெல் வேண்டும். நடுச் சரிவில் வேறு ரகம், பள்ளத்து வயலில் நீண்ட கால ரகம். ஒரே குடும்பத்தின் இரண்டு ஏக்கருக்குள் மூன்று விதமான மண், மூன்று விதமான விதை. புரட்டாசி மழை பத்து நாள் தள்ளிப் போனால் கதிர் பதராகிவிடும். முந்தைய அறுவடை நெல் குதிரில் தீர்ந்து, அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கும் மாதங்கள்தான் அவர்களுக்குக் கடினமான மாதங்கள்.

1966இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்டது. அதன் பின்னால் வந்த குட்டை ரகங்களும் உரமும் பாசனமுள்ள சமவெளிக்குச் சோறு போட்டன. அதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் அவை தண்ணீரும் உரமும் தட்டாமல் கிடைக்கும் வயலுக்காக உருவானவை. மழையை நம்பிய மலைச் சரிவுக்கு அவை பொருந்தவில்லை. சமவெளியில் வெற்றி பெற்றதை அப்படியே மூட்டை கட்டி மலைக்கு அனுப்பினால் பலன் வராது என்பதே இதில் உள்ள பாடம்.

ஒரு மலைநாட்டிலிருந்து வந்த பாடம்

இனி, ஒரு மலைநாட்டு விவசாயிகளிடமிருந்து நம் தமிழ்நாடு கற்றுக்கொண்ட கதையைப் பாருங்கள்.

இந்தியப் பெருங்கடலின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது மடகாஸ்கர் தீவு. அதன் நடுவில் உயர்ந்த மேட்டுநிலம். அந்த மக்களும் நம்மைப் போலவே மூன்று வேளையும் சோறு உண்பவர்கள். 1961இல் ஹென்றி தெ லோலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்கே போனார். வேளாண்மை படித்தவர். போனவுடன் பாடம் நடத்தவில்லை. ஆண்டுக் கணக்காக விவசாயிகளின் வயல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சில விவசாயிகள் குத்துக்கு மூன்று நான்கு நாற்று வைக்காமல் ஒரே நாற்றை வைப்பதைக் கண்டார். சிலர் வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவதைக் கண்டார். யாரோ ஒருவர் செய்ததை மற்றவர் அறியாமல் இருந்தார்கள். அவர் அவற்றை ஒன்றாகச் சேர்த்தார்.

1983இல், அந்சிராபே என்ற ஊரில் அவர் நடத்திய இளம் விவசாயிகள் பள்ளியில், பருவம் தவறிவிடும் என்ற அவசரத்தில் 15 நாள் நாற்றையே பிடுங்கி நட்டார்கள். தேறாது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் அந்த இளம் நாற்றுகள் வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தூர் கட்டின. அதிலிருந்து பிறந்த முறைதான் பிறகு உலகெங்கும் போனது. 1990இல் அவரும் அந்த ஊர் நண்பர்களும் 'தெஃபி சாய்னா' என்ற சங்கத்தை அமைத்தார்கள். சிந்தனையைப் பண்படுத்துதல் என்பது அந்தப் பெயரின் கருத்து. விதைக்கும் உரத்துக்கும் முன்பு, வயலைப் பார்த்துச் சிந்திக்கும் பழக்கம் வேண்டும் என்று நினைத்தார்கள் போலும்.

இந்த முறைதான் நம் தமிழ்நாட்டில் ஒற்றை நாற்று நடவு, செம்மை நெல் சாகுபடி, திருந்திய நெல் சாகுபடி என்று பல பெயர்களில் அறியப்பட்டது. ஏக்கருக்கு 20, 30 கிலோ விதை போட்ட இடத்தில் 2, 3 கிலோ போதும். ஒரு சென்ட் இடத்தில் பாய் நாற்றங்கால். 14 நாள் நாற்றை வேரில் மண் ஒட்டியிருக்கும்போதே எடுத்து, குத்துக்கு ஒன்றாக, ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடுவது. மண்ணில் மயிரிழை வெடிப்புக் கண்ட பிறகு மீண்டும் தண்ணீர் விடுவது. பத்து நாளுக்கு ஒருமுறை உருளும் களைக் கருவியை இரண்டு பக்கமும் ஓட்டுவது. களை மண்ணிலேயே அமிழ்ந்து உரமாகும். வேருக்குக் காற்றும் கிடைக்கும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டையொட்டி இதைச் சோதிக்கத் தொடங்கியது. பின்னர் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் 100 விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே, பழைய முறையையும் புதிய முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சராசரி விளைச்சல் எக்டேருக்குச் சுமார் 5.6 டன்னிலிருந்து 7.2 டன் அளவுக்கு உயர்ந்தது. ஆராய்ச்சிப் பண்ணையில் கிடைத்த கணக்கை விவசாயி நம்பமாட்டார். பக்கத்து வயல்காரர் களத்தில் அளந்த கணக்கை நம்புவார். அந்த 100 வயல்களின் பலன் அதுதான்.

இந்த முறை எல்லா இடத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் மருந்து என்று நாம் சொல்லவில்லை. இதன் விளைச்சல் கணக்குகளைப் பற்றி விஞ்ஞானிகளுக்குள்ளேயே பெரிய வாதம் நடந்திருக்கிறது. தண்ணீரை நினைத்தபோது வடிக்க முடியாத பள்ளத்து வயலில் பிஞ்சு நாற்று அழுகிவிடும். நடவுக்குப் பழகாத கைகள் முதலில் மெதுவாகத்தான் நடும். அந்தக் கூலி யார் தலையில் விழும் என்ற கேள்வி வரும். களைக் கருவி கனமாக இருந்தால் பெண்களால் தள்ள முடியாது. ஆண்கள் கைக்கு அது போய்விட்டால், களையெடுத்துக் கிடைத்த கூலி பெண்களுக்கு இல்லாமல் போகும். இந்தச் சிக்கல்களை எல்லாம் அந்தந்த ஊர்க்காரர்கள் கூடிப் பேசித்தான் தீர்க்க முடியும். வெளியூர்க்காரர் தீர்த்து வைக்க முடியாது.

இமயமலையில் 40 பேர்

இதே முறை மலைக்கு எப்படிப் போனது? டேராடூனில் இருக்கும் மக்கள் அறிவியல் நிறுவனம் 2006இல் உத்தராகண்ட், இமாச்சலப் பிரதேச மலைக் கிராமங்களில் 40 விவசாயிகளோடு தொடங்கியது. அவர்களும் எல்லா நிலத்தையும் மாற்றவில்லை. படிக்கட்டு வயலில் ஒரு சிறு துண்டை மட்டும் ஒதுக்கினார்கள். தவறினாலும் வீட்டுச் சோற்றுக்குப் பங்கம் வராத அளவு. அடுத்த ஆண்டே அந்த எண்ணிக்கை 500ஐத் தாண்டியது. முதல் ஆண்டு செய்தவர்களின் வயலை மற்றவர்கள் வந்து பார்த்தது அதற்குப் பெரிய காரணம். நெல்லில் கற்றதைப் பிறகு கோதுமையிலும் செய்து பார்த்தார்கள்.

சிறு துண்டு நிலம் என்ற இந்த விஷயத்தை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். ஏழை விவசாயி புதியதைக் கண்டு அஞ்சுவதை அறியாமை என்று சொல்லிவிடுகிறோம். அது அறியாமை அல்ல, கணக்கு. ஒரு போகம் பொய்த்தால் அவர் வீட்டில் எத்தனை மாதம் அடுப்பு எரியாது என்பது அவருக்குத் தெரியும். அந்த நஷ்ட பயத்தை நாம் தாங்கிக்கொண்டால், சோதித்துப் பார்ப்பதை அவர் தாமே செய்துகொள்வார்.

கோராபுட்டும் கொல்லிமலையும்

மலைக்காரர்கள் கற்பவர்கள் மட்டும் அல்லர், கற்பிப்பவர்களும்தான். ஒடிசாவின் கோராபுட் மாவட்டம் நெல் ரகங்களின் பழைய கருவூலம். அங்கே ஜெய்ப்பூர் அருகே பத்ராபுட் என்ற கிராமத்தில் வாழ்ந்த பழங்குடிப் பெண் கமலா பூஜாரி, நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைக் காப்பாற்றினார். பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. வீடு வீடாகப் போய் விதை கேட்டு, தன் விதையைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, 2024இல் காலமானார். சென்னை தரமணியில் இருக்கும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மலை மக்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. 'காளாஜீரா' என்னும் மணமுள்ள கறுப்பு நெல்லை எடுத்துக்கொண்டு, நல்ல விதையைத் தேர்வு செய்வது, வரிசை நடவு ஆகியவற்றை விவசாயிகளின் வயலிலேயே அவர்களோடு சேர்ந்து செய்து பார்த்தார்கள். விதை அவர்களுடையது, முறையில் மட்டும் சிறு மாற்றம். 2012இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் கோராபுட்டின் வேளாண்மையை உலக முக்கியத்துவம் வாய்ந்த மரபாக அங்கீகரித்தது.

நம் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலும் இதே நிறுவனம் ஒரு பாடம் கற்றது. அங்கே மக்கள் சாமையையும் தினையையும் விட்டுவிட்டு, ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி போடத் தொடங்கியிருந்தார்கள். விலை ஒரு காரணம். ஆனால் பெண்களோடு உட்கார்ந்து பேசியபோது இன்னொரு காரணம் வந்தது. சாமையை உரலில் குத்தி எடுப்பது தோள் முறியும் வேலை! அதனால் ஊருக்கே அரைவை இயந்திரங்களைக் கொண்டுவந்து மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். கேட்காமல் போயிருந்தால் விதை மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பியிருப்பார்கள்.

வயலே பள்ளிக்கூடம்

கூடிக் கற்பது என்றால் நடைமுறையில் என்ன? இதற்கு இந்தோனேசியாவைப் பாருங்கள். 1980களில் அங்கே புகையான் பூச்சி நெல் வயல்களை அழித்தது. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. அதைத் தின்னும் சிலந்தியும் வண்டும் செத்துப் போனதே காரணம். 1986இல் அந்த அரசு நெல்லில் 57 பூச்சிமருந்துகளுக்குத் தடை விதித்தது. தடை மட்டும் போதாது என்று 1989இல் விவசாயிகளுக்கு வயல்வெளிப் பள்ளி தொடங்கினார்கள். சுமார் 25 பேர் ஒரு குழு. நடவு முதல் அறுவடை வரை வாரம் ஒரு காலை வயலில் இறங்குவார்கள். தூர் எண்ணுவார்கள், எத்தனை பூச்சி, எத்தனை சிலந்தி என்று பார்ப்பார்கள். பெரிய தாளில் படமாக வரைவார்கள். பிறகு, இந்த வாரம் மருந்து வேண்டுமா, வேண்டாமா என்று தங்களுக்குள் பேசி முடிவெடுப்பார்கள். வழிகாட்டி விடை சொல்லமாட்டார். திருப்பிக் கேள்விதான் கேட்பார். பத்து ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் விவசாயிகள் இப்படிப் படித்தார்கள். பலர் பிறகு தாமே அடுத்த ஊரில் பள்ளி நடத்தினார்கள்.

நமக்கு இது புதிய செய்தி அல்ல. மதீனாவின் பேரீச்சந்தோட்டக்காரர்கள் செய்துவந்த மகரந்தச் சேர்க்கை பற்றி நபி (ஸல்) அவர்கள் கருத்துச் சொன்னதும், அவர்கள் அதை விட்டுவிட விளைச்சல் குறைந்ததும், இத்தகைய உலகக் காரியங்களில் அவரவர் தொழிலை அவரவரே நன்கு அறிவர் என்ற பொருளில் அவர்கள் விளக்கியதும் ஹதீஸ் நூல்களில் இருப்பதை அறிவோம். விவசாயியின் அறிவுக்கு மரியாதை தருவது நம் மார்க்கத்தில் உள்ளதே.

திரூரிலிருந்து போன விதை

நம் மாவட்டத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். திருவள்ளூரை அடுத்த திரூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான ரகம் டி.கே.எம். 6. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் அதற்கு இருந்தது. அது பிலிப்பைன்ஸ் போனது. அங்கே ஒட்டுக் கட்டப்பட்டு ஐ.ஆர். 20 பிறந்தது. அந்த ஐ.ஆர். 20 திரும்பி வந்து நம் வீட்டுப் பானைகளில் வெந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாம் கொடுத்தது வளர்ந்து நம்மிடமே திரும்பியது. அறிவும் விதையும் பகிர்ந்தால் குறைவதில்லை.

எங்கள் கோரிக்கை

இனி, அறக்கட்டளை நிர்வாகக் குழு சார்பில் உங்கள் முன் வைக்கும் கோரிக்கை. அரிசி வழங்குவது தொடரட்டும். அதோடு, இவ்வாண்டு நிதியில் ஒரு பகுதியை இந்த வேலைக்கு ஒதுக்க உங்கள் சம்மதம் வேண்டும்.

ஒன்று: ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், விருப்பமுள்ள தொழிலாளர்களோடு உட்காருவது. அவர்கள் ஊரில் எந்த நிலம், எந்த விதை, எந்த மாதம் நெல் தீர்கிறது, என்ன தடை என்று கேட்பது. முதல் சில வாரங்கள் கேட்பது மட்டுமே. அவர்கள் எந்த மதத்தவர் என்பது இதில் கணக்கே இல்லை. இந்தியும் ஒடியாவும் அறிந்த நம் பிள்ளைகள் துணைக்கு வர வேண்டும்.

இரண்டு: சொர்ணவாரிப் பட்டத்தில், நிலம் வைத்திருக்கும் நம் குடும்பங்களில் ஒருவர் பத்து சென்ட் ஒதுக்கித் தந்தால், திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரின் ஆலோசனையோடு பாய் நாற்றங்கால், ஒற்றை நாற்று, களைக் கருவி மூன்றையும் கையால் பழகலாம். நம் விவசாயிகளும் அவர்களோடு சேர்ந்து பழகட்டும்.

மூன்று: லேத், வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சகோதரர்கள் களைக் கருவி ஒன்றைச் செய்து தர வேண்டும். ஒரு பெண் தோளில் மாட்டி மலையேறக்கூடிய எடையில் இருக்க வேண்டும். செய்து முடித்த பிறகு காட்டுவதைவிட, அந்தத் தொழிலாளர் வீட்டுப் பெண்களைத் தள்ளிப் பார்க்கச் சொல்லி, அவர்கள் சொல்வதற்கேற்பத் திருத்திச் செய்வோம்.

நான்கு: மழை தொடங்கும் ஜூனில் விதைப்புக்கு ஊர் போகிறவர்களில் சிலருக்கு, ஒரு சிறு துண்டு நிலத்தில் செய்து பார்க்க முன்வந்தால், போக்குவரத்துச் செலவும், அந்தத் துண்டில் விளைச்சல் தவறினால் அதற்கு ஈடான நெல்லின் விலையும் நாம் ஏற்போம். பெரிய தொகை ஆகாது. ஆனால் அந்த உறுதி இல்லாமல் யாரும் துணியமாட்டார்கள்.

ஐந்து: அவர்கள் திரும்பி வரும்போது தங்கள் மலை விதையில் ஒரு பிடி கொண்டுவரச் சொல்வோம். மழை தவறினாலும் தாக்குப் பிடிக்கும் நெல் எது என்று நமக்கும் தெரிய வேண்டியிருக்கிறது. நம் ஏரிகளும் எல்லா ஆண்டும் நிரம்புவதில்லை.

மழையால் விளைந்த பயிருக்குப் பத்தில் ஒரு பங்கு, உழைத்து நீர் இறைத்த பயிருக்கு இருபதில் ஒரு பங்கு என்று உஷர் விதிக்கப்பட்டிருப்பதை அறிவீர்கள். விவசாயி படும் பாட்டை அளந்து வைத்த கணக்கு அது. உஷர் கொடுக்கும் குடும்பங்கள் நம்மில் இப்போது குறைந்துவிட்டன. ஏனெனில் நிலம் குறைந்துவிட்டது. ஆனால் நோன்புக் கஞ்சி முதல் வலீமா சாப்பாடு வரை நெல் இல்லாமல் நமக்கு ஒரு நாளும் போவதில்லை. அந்த நெல்லை விளைவிக்கிறவர்களின் மக்கள் நம் ஊரில் இரும்பு உருக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கொடுத்த அரிசி ஒரு மாதத்தில் தீரும். பயன் தரும் கல்வி ஸதகா ஜாரியாவாக நிற்கும். அடுத்த கூட்டத்துக்குள் உங்கள் வீட்டில் பேசி, எந்த வேலையில் பங்கெடுக்க முடியும் என்று அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். நிலம் தர முடிந்தவர் நிலம் தரட்டும். பட்டறை உள்ளவர் ஒரு நாள் வேலை தரட்டும். மொழி தெரிந்தவர் ஒரு மாலை தரட்டும். ஐந்து குடும்பங்கள் முன்வந்தால்கூட வரும் சொர்ணவாரியில் தொடங்கிவிடலாம், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் முயற்சியில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.